மல்லிகை வாசத்தை எண்ணெயில் இறக்குவது: வீட்டுத் தயாரிப்பில் கற்றுக்கொண்டவை

எண்ணெய் காய்ச்சத் தெரிந்த வீடுகளில்தான் வாசனை எண்ணெய் பெரும்பாலும் கெட்டுப்போகிறது என்று சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம் ஆகியவற்றைத் தேங்காயெண்ணெயில் போட்டுச் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சி வடிகட்டுவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த கைப்பழக்கம். அதே பழக்கத்தில் மல்லிகையையும் அடுப்பிலிருக்கும் சட்டியில் போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் வீடு முழுவதும் மணக்கிறது. ஆனால் அப்படி மணப்பது எண்ணெயை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் வாசனை. ஆறிய பிறகு சட்டியில் மிஞ்சுவது வதக்கிய கீரையின் வாடையுள்ள எண்ணெய்தான். மருந்துத் தைலத்துக்கு வேண்டிய சாறு வேறு, நறுமணத் தைலத்துக்கு வேண்டிய ஆவி வேறு என்ற பிரிவைப் புரிந்துகொண்ட பிறகே என் எண்ணெய்கள் பெயருக்கேற்ற வாசனையோடு வரத் தொடங்கின.

மதுரைப் பக்கத்தில் வீடு, வாசலில் இரண்டு மல்லிகைப் பதியன்கள், பத்து நிமிட நடையில் பூச்சந்தை என்ற வசதிகளால் எனக்கு மல்லிகையே முதல் பாடமாக அமைந்தது. புவிசார் குறியீடு 2013-இல் பெற்ற மதுரை மல்லி, விடியற்காலையில் முதிர்ந்த மொட்டாகப் பறிக்கப்பட்டு, மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல்தான் விரிகிறது. செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் இந்த நேரக்கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பறித்த பின்னும் பூ உயிரோடிருந்து, விரியும்போது பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் முதலிய மணப்பொருட்களைப் புதிதாக உண்டாக்கி இரவு முழுவதும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே மல்லிகையிடமிருந்து வாசனையைப் பிழிந்து எடுக்க முயல வேண்டியதில்லை. அது விடும் மூச்சைப் பிடித்துவைத்துக்கொள்ள ஒரு கொழுப்பு பக்கத்தில் இருந்தால் போதும். சூடு பட்டால் பூ செத்துவிடும். அதன் பிறகு உள்ளே எஞ்சியிருக்கும் சிறிதளவு மணம் மட்டுமே கிடைக்கும், அதுவும் பாதி ஆவியாகிவிடும்.

வாசனைத் தொழிலுக்குப் பேர்போன பிரான்சின் கிராஸ் நகரில் மல்லிகையையும் நிலச்சம்பங்கியையும் கண்ணாடிச் சட்டங்களில் தடவிய விலங்குக் கொழுப்பின்மேல் அடுக்கி வைத்து, ஒவ்வொரு நாளும் பழைய பூவை எடுத்துப் புதிய பூவைப் பரப்பியது இதே காரணத்தால்தான். உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர், காஜிப்பூர் பகுதிகளில் கொழுப்புக்குப் பதிலாக எள்ளையே பயன்படுத்தினார்கள். தோல் நீக்கிய எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் அந்த எள்ளைச் செக்கில் ஆட்டினால் மணமுள்ள எண்ணெய் இறங்கும். நம் சமையலறைக்கும் தட்பவெப்பத்துக்கும் ஒத்துவருவது இந்த எள் முறை என்பது என் கருத்து. ஆனால் முதன்முதலில் செய்து பார்ப்பவர்கள் நேரடியாக எண்ணெயில் ஊறவைக்கும் முறையில் தொடங்குவது நல்லது; செலவும் குறைவு, மூக்கும் பழகும்.

பூ வாங்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கட்டிய சரம் வேண்டாம். உதிரிப் பூதான் வேண்டும். வாழைநாரின் ஈரமும் பச்சை வாடையும் எண்ணெய்க்கு ஆகாதவை. அதைவிட முக்கியமானது, தண்ணீர் தெளிக்காத பூவாக இருக்க வேண்டும் என்பது. சந்தையில் மொட்டு வாடாமலிருக்க ஈரத்துணி போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளிப்பது வழக்கம். நான் வாங்கும் பூக்காரம்மா இதை முதலிலேயே சொல்லிவிட்டார்: "தண்ணி படாத பூ வேணும்னா மூட்டை வந்து இறங்குறப்பவே வந்துருங்க. நான் நனைச்சு மூடுனப்புறம் வந்து கேட்டா என்னம்மா செய்ய?" காலையில் அப்படி வாங்கிய மொட்டை முறத்தில் மெல்லிய பரப்பாக விரித்து, வெயில் படாத அறையில், மின்விசிறியின் நேர்க்காற்று இல்லாமல் மாலைவரை வைத்திருக்க வேண்டும். காம்பையும் புல்லிவட்டத்தையும் கிள்ளிவிடுவது சலிப்பான வேலைதான்; ஆனால் அந்தப் பச்சைப் பகுதிகள் எண்ணெயில் புல் வாடையைச் சேர்த்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மல்லிகைச் சாகுபடியில் மொட்டுப்புழுவுக்காகப் பூச்சிமருந்து தாராளமாகவே அடிக்கப்படுகிறது. தலையில் சூடிக் கழற்றிவிடும் சரத்தில் அது பெரிய கவலையாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் பூவை மாற்றி மாற்றி ஊறவைத்த எண்ணெயைத் தோலில் தேய்த்துக்கொள்ளும்போது அந்த மருந்தும் சேர்ந்தே தேய்க்கப்படுகிறது. வீட்டுச் செடி இருப்பவர்கள் அதைக் கொண்டே செய்யட்டும். இல்லாதவர்கள் மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டு வாங்கக்கூடிய ஒரு விவசாயியைப் பிடித்துக்கொள்வது நல்லது. மாடியில் நான்கு தொட்டிகள் வைத்தாலும் கோடை மாதங்களில் ஒரு சிறு புட்டிக்குப் போதுமான பூ கிடைத்துவிடும்.

ஊறவைப்பதற்கு அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி போதும். கால் லிட்டர் எண்ணெய்க்கு ஒவ்வொரு முறையும் 50 முதல் 75 கிராம் பூ என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கும் மாலை நேரத்தில், அறைச் சூட்டிலிருக்கும் எண்ணெயில் பூவை மெதுவாக அமிழ்த்தி, ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டி, மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும். மறுநாள் காலையில் துணியை எடுத்தால் அதன் அடிப்பக்கம் நனைந்து கனத்திருக்கும். பூ விட்ட நீராவி அங்கே படிந்திருக்கிறது. இறுக மூடியிருந்தால் அந்த ஈரம் முழுவதும் எண்ணெய்க்குள் சொட்டியிருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்லிகையை எண்ணெயில் விட்டுவைக்கக் கூடாது. இதழ்கள் பழுப்பேறி வழவழக்கத் தொடங்கினால் வாசனையில் முதலில் ஒரு கனமும், பிறகு புளித்த வைக்கோல் வாடையும் ஏறும். வடிகட்டும்போது பூவைப் பிழிந்துவிட வேண்டும் என்று கை துடிக்கும், பிழியக் கூடாது. பிழிந்தால் வருவது பூவின் நீர்தான். சல்லடையில் சாய்த்து, தானாகச் சொட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று மாலை மீண்டும் புதுப் பூ போட வேண்டும். இப்படி எட்டுப் பத்து முறை மாற்றிய பிறகே எண்ணெய் தன் சொந்த வாடையை மறந்து மல்லிகையாகத் தொடங்கும்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு என் விடை, மணம் குறைந்த எந்த எண்ணெயும் சரி என்பதே. கடையில் கிடைக்கும் செக்கு நல்லெண்ணெய் சமையலுக்கு அருமையானது; வாசனை எண்ணெய்க்கு ஒத்துவராது. எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்காகச் சேர்க்கும் கருப்பட்டியின் மணமும் எள்ளின் மணமும் சேர்ந்து மல்லிகையை அமுக்கிவிடும். தேங்காயெண்ணெய் எளிதில் காறாது என்றாலும் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் மார்கழியில் தொல்லை தரும். பாதாம் எண்ணெய் நன்றாகவே வருகிறது, விலைதான் இடிக்கிறது. ஜோஜோபா என்று விற்கப்படுவது உண்மையில் திரவ மெழுகு. காறிப்போகும் அச்சம் அதில் மிகக் குறைவு என்பதால், பல மாதங்கள் வைத்துப் புழங்கும் சிறு புட்டிகளுக்கு அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.

எண்ணெயில் நீர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்தியர்கள் தைலத்துக்குச் செய்யும் சோதனையே போதும். ஒரு பஞ்சுத் திரியின் நுனியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால், நீரில்லாத எண்ணெய் சத்தமில்லாமல் எரியும். நீர் இருந்தால் சடசடவென்று பொரியும். பொரிந்தால் எண்ணெயை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் கலங்கலாகத் தங்கும் நீரை விட்டுவிட்டு, மேலே தெளிந்த எண்ணெயை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுக்க வேண்டும். அந்தக் கடைசி இரண்டு கரண்டி எண்ணெய்க்கு ஆசைப்பட்டால் புட்டி முழுவதும் பூசணம் பிடிக்கும்.

இனி எள் முறைக்கு வருகிறேன். தோல் நீக்கிய வெள்ளை எள் ஒரு கிலோவை வெயிலில் நன்கு காயவைத்து, ஆறிய பின் அகலமான தாம்பாளத்தில் பழைய வேட்டித் துணியை விரித்து அதன்மேல் விரற்கடை கனத்துக்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் விரியத் தொடங்கிய மல்லிகையை ஒரு பரப்பு, மறுபடி எள் ஒரு பரப்பு என்று அடுக்கி, மேலே துணியால் மூடி இரவு முழுவதும் வைக்க வேண்டும். ஒரு கிலோ எள்ளுக்கு ஒரு தடவைக்குக் கால் கிலோப் பூ பிடிக்கும். காலையில் சல்லடையில் சலித்தால் எள் கீழே இறங்கிவிடும், பூ மேலே நின்றுவிடும். அப்போது எள்ளை அள்ளிப் பார்த்தால் விரல்களில் இலேசாக ஒட்டும். அந்த ஒட்டல்தான் ஈரம். அந்த எள்ளைப் பகல் முழுவதும் நிழலில் பரப்பி ஆற்றி, கையில் அள்ளினால் மணல்போல் உதிரும் நிலைக்கு வந்த பின்பே அன்று மாலை அடுத்த பூவைப் போட வேண்டும். உதிராவிட்டால் ஒரு நாள் பூ போடாமல் காத்திருப்பது நல்லது. ஈர எள்ளின்மேல் மறுபடியும் பூவைப் போட்டால் இரண்டாம் நாளே உள்ளே சூடேறி ஊசல் வாடை அடிக்கும். பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை.

ஏழெட்டு முறை பூ மாற்றிய எள்ளில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தால், முதலில் எள்ளின் சுவையும், விழுங்கிய பிறகு மூக்கின் பின்பக்கத்தில் மல்லிகையும் தெரியும். அந்த நிலை வந்தால் ஆட்டிவிடலாம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது: மரச்செக்கு வைத்திருப்பவர்கள் ஒரு கிலோவுக்காகச் செக்கை ஓட்ட மாட்டார்கள், பத்துப் பன்னிரண்டு கிலோவாவது கேட்பார்கள். தெருவில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து செய்தால் அது முடியும். அப்படி ஆட்டும்போது கருப்பட்டி போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் எண்ணெய் திரளாது என்று செக்குக்காரர் சொன்னால், அளவாக வெந்நீர் தெளித்து ஆட்டச் சொல்லலாம். அந்த நீரைப் பின்னர் தெளியவைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மேசைமேல் வைத்து ஆட்டும் சிறு மின்பொறியில் ஒரு கிலோ எள்ளுக்கு 350 முதல் 400 மில்லி எண்ணெய்வரை கிடைக்கிறது. பொறி சூடாவதால் மேல்மணம், அதாவது முதலில் மூக்கில் படும் மணம், சற்றுக் குறைகிறது என்றாலும், விதைக்குள் இறங்கிய வாசனை நிலைத்து நிற்கிறது. எள்ளிலுள்ள சீசமோலின் போன்ற பொருட்கள் எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடுவதும் இந்த முறைக்குக் கூடுதல் பலம்.

மல்லிகை விலை மார்கழி, தையில் கிலோ ஆயிரங்களைத் தொடும் காலத்தில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கவே கூடாது. பங்குனி தொடங்கிப் பூ மலிந்து, கிலோ 300, 400 ரூபாய்க்கு இறங்கும் நாட்களே இதற்குரியவை. அதற்கும் தயங்குபவர்களுக்கு நான் சொல்வது நிலச்சம்பங்கி. மல்லிகையைப் போலவே பறித்த பிறகும் வாசனை விடும் பூ அது. விலை குறைவு, இதழ் தடித்தது, எண்ணெயில் ஒரு முழு நாளோ இரண்டு நாளோ தாங்கும். அடுக்கிதழ் வகையைவிட ஒற்றையிதழ் வகையில் மணம் கூடுதல். தொடங்குபவர்களுக்கு இதைவிடத் தோதான பூ கிடையாது. மல்லிகையின் பெயரில் எல்லோரும் மயங்கிவிடுவதால் சம்பங்கியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரோஜா எண்ணெய்க்காக யாரும் பணத்தை வீணாக்க வேண்டாம். பறித்த ரோஜா மல்லிகையைப் போல மணத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருப்பதில்லை. தவிரவும் அதன் முக்கிய மணப்பொருளான ஃபினைல் எத்தில் ஆல்கஹால் நீரில் நன்றாகக் கரையக்கூடியது. பன்னீர் ரோஜாவில் வீட்டில் நன்றாக வருவது பன்னீர்தான். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் இதழ் வேண்டும் என்ற கணக்கைப் பார்த்தாலே அது ஆலைகளின் வேலை என்பது விளங்கும். மகிழம்பூ இதற்கு நேர்மாறானது. மரத்தடியில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கிக் காயவைத்தாலும் மணம் போகாது. காய்ந்த பூவில் நீர் இல்லாததால் எண்ணெயில் மூன்று வாரம் அப்படியே கிடக்கலாம். மரிக்கொழுந்தையும் ஓரிரு நாள் நிழலில் வாடவைத்துப் போட்டால் பச்சை வாடை தணிந்து இனிப்பான மணம் முன்னால் வரும்.

வெட்டிவேருக்கும் சந்தனத்துக்கும் மட்டும் சூட்டைப் பற்றிய என் எச்சரிக்கையைத் தளர்த்திக்கொள்ளலாம். அவற்றின் மணப்பொருட்கள் கனமானவை, எளிதில் பறந்துவிடாதவை. மண் போகக் கழுவி முற்றிலும் காயவைத்த வெட்டிவேரை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, தேங்காயெண்ணெயில் போட்டு, ஜாடியைத் துணியால் சுற்றிச் சித்திரை வெயிலில் மூன்று நான்கு வாரம் வைத்தால், மழை நனைத்த மண்ணின் மணத்தோடு எண்ணெய் இளம்பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு வரும். அவசரமானால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஜாடியை நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில் தினம் ஒரு மணி நேரம் என ஒரு வாரம் செய்யலாம். சந்தனத்தைக் கல்லில் இழைத்துச் சேர்ப்பவர்கள் அந்த விழுதோடு நீரையும் சேர்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். உலர்ந்த தூளாகவோ சீவலாகவோ போடுவதே முறை. சந்தனத் தூள் என்று பொட்டலத்தில் வருவதில் பெரும்பகுதி வேறு மரத்தூளோடு செயற்கை மணம் கலந்தது என்பதால், கட்டையாக வாங்கி அரத்தால் ராவிக்கொள்வது செலவானாலும் நிம்மதி.

கடை அத்தர் அளவுக்கு இவை மணப்பதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மணக்காது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அத்தர் வேறு வகைப் பொருள். அங்கே தாமிர அண்டாவில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் குடுவைக்குள் இறக்குகிறார்கள். நாள்தோறும் புதுப் பூவைக் கொண்டு அந்த ஒரே எண்ணெயில் வாசனையை ஏற்றிக்கொண்டே போவார்கள். கன்னோஜ் வாசனைப் பொருளுக்குப் புவிசார் குறியீடு 2014-இல் கிடைத்தது. சந்தன எண்ணெயின் விலை ஏறிய பிறகு பல மலிவு அத்தர்களில் அதனிடத்தைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் திரவப் பாரஃபின் பிடித்துக்கொண்டது; மணமும் பெரும்பாலும் செயற்கையானதே. குக்கரில் குழாய் பொருத்தி வீட்டிலேயே அத்தர் இறக்கலாம் என்று செய்முறை காட்டுபவர்களை நம்ப வேண்டாம். குழாய் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும். அடைக்காவிட்டாலும் கிடைப்பது மணநீர்தான்.

மல்லிகை எண்ணெய் தனியாக இருந்தால் தோலில் ஓரிரு மணி நேரத்தில் மங்கிவிடும். அதில் நாலில் ஒரு பங்கு வெட்டிவேர் எண்ணெயோ சந்தன எண்ணெயோ கலந்தால், அடிமணம் நின்று மேல்மணத்தைச் சற்று நேரம் பிடித்துவைக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து அடியெண்ணெயில் ஊறவைப்பதும் உண்டு. ஏலமும் இலவங்கமும் சிட்டிகைக்கு மேல் போனால் எண்ணெய் பிரியாணியை நினைவூட்டும். இலவங்கம் மெல்லிய தோலை எரிக்கவும் செய்யும். பச்சைக் கற்பூரம் சேர்த்த எண்ணெயைக் கைக்குழந்தைகளுக்குத் தடவக் கூடாது, அவர்கள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது. கற்பூரம் உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். எலுமிச்சைத் தோல் ஊறிய எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகலாம். எந்த எண்ணெயானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாள் அரிப்போ சிவப்போ இல்லை என்று பார்த்த பிறகே மற்றவர்களுக்குக் கொடுக்கிறேன்.

புட்டியைத் திறந்து முகர்ந்து எண்ணெயை எடைபோட வேண்டாம். எள்ளோ தேங்காயோதான் முந்திக்கொண்டு வரும். மணிக்கட்டில் ஒரு சொட்டைத் தேய்த்து, உடற்சூடு ஏறும்வரை ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால்தான் பூ பேசும். நிறைந்த சிறு பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில், வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வைத்தால் எள் முறை எண்ணெய் அடுத்த மல்லிகைப் பருவம்வரை நன்றாக இருக்கிறது. பாதி காலியான பெரிய புட்டியில் அதே எண்ணெய் மூன்று, நான்கு மாதத்தில் காறத் தொடங்கிவிடும். ஆட்டிய பிறகு மிஞ்சும் எள்ளுப் புண்ணாக்கிலும் மணம் இருக்கும் என்பதால், அதை வெயிலில் காயவைத்து, பாசிப்பயறு மாவோடு அரைத்துச் சலித்துக் குளியல் பொடியாகப் புழங்கலாம்.